தனி டம்ளர்

ஊரிலிருந்து அத்தை அவளைப் போனில் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லக்கூடாது என்று அம்மா வளர்த்த பெண். உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

“புது நாட்டுல வீடு பெருசாடி?”

“ஆறு ரூம் அத்தை. தோட்டம்கூட இருக்கு.”

“அட, நம்ம பழைய வீட்டை விடப் பெருசு! வேலைக்கு ஆள் இருக்கா?”

“இருக்காங்க. அஞ்சு மணிக்கே எழுந்து பெருக்க ஆரம்பிச்சிடுவாங்க.”

“ரொம்ப இடம் கொடுக்காதீங்க, தலைமேல ஏறி உக்காந்துக்குவாங்க. இங்க வெச்சிருந்த மாதிரி தனி டம்ளர் வெச்சாச்சா?”

“வெச்சிருக்காங்க அத்தை.”

போனை வைத்தாள். அம்மா துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு, முதலாளியம்மாவின் சமையலறைக்குப் பின்னால் தனியே கவிழ்த்திருந்த இரண்டு டம்ளர்களிலும் தண்ணீர் பிடித்தாள்.

சின்ன டம்ளரை மகளிடம் நீட்டினாள்.