கார்பன் வாஷர்

“இன்னொரு தடவ கழட்டிப் பாத்துருங்க மாப்ள” என்றார் கருத்தப்பாண்டி.

மாரிக்கண்ணன் ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் கொஞ்சம் சத்தமாகவே வைத்தான். ஏற்கெனவே இரண்டு முறை கழற்றி மாட்டியாகிவிட்டது.

மில்லில் அவனுக்கு வாரத்தில் ஒருநாள்தான் லீவு. அன்றைக்குப் பார்த்து, ரேணுகாவின் அப்பா திருச்சுழியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து அருப்புக்கோட்டைக்கு வந்து கதவைத் தட்டிவிட்டார். கையில், துண்டில் சுற்றிய பழைய மீன்பிடி ரீல்.

தூத்துக்குடிக்கு லோடு ஓட்டிய காலத்தில் ஒரு கப்பல்காரனிடம் வாங்கியது. தூக்கினால் முழுத் தேங்காயின் கனம். கண்மாய் பெருகும் வருஷங்களில் ஊரே வலையோடு இறங்கும்போது, அவர் மட்டும் கரையில் நின்று இதைத் தூண்டில் கம்பில் மாட்டிக் கட்லா பிடிப்பார்.

பெரிய மீன் இழுத்தால் ரீல் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். இது விக்கியது. பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திடீரென்று விட்டது. அந்த வெட்டலில் நூல் அறுந்துபோனது.

அவர் போனில் சொன்னபோதே மாரிக்கண்ணனுக்குக் காரணம் புரிந்துவிட்டது. உள்ளே இரும்புத் தட்டும் தோல் வாஷரும் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும், பைக் கிளட்ச் மாதிரி. தோல் காய்ந்து வடகமாகியிருக்கும். அதற்குப் பதில் போட ஆன்லைனில் கார்பன் வாஷர் வரவழைத்து வைத்தான். போட்டால் அரைமணி வேலை.

அப்படித்தான் நினைத்திருந்தான்.

“அட்டைய வெட்டுனாப்புல இருக்கு. இதப் போயி உள்ள வைக்கிறீக” என்று ஆரம்பித்தார் அவர். கிரீஸ் பூசினால் அதிகம் என்றார். துடைத்தால் குறைவு என்றார். நடுவில் ஒரு தோல் வாஷரையும் சேர்த்து வைத்தால் என்ன என்று கேட்டார். அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போது சின்ன ஸ்பிரிங் ஒன்று தெறித்துக் கட்டிலுக்கடியில் ஓடியது. மாரிக்கண்ணன் தரையில் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் தேடி எடுத்தான். எழுந்து பார்த்தால் அவர் தட்டுகளை எல்லாம் வரிசை மாற்றி வைத்திருந்தார். துடைத்து வைத்தாராம்.

மூன்றாவது முறையும் கழற்றினான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாட்டினான்.

சோதிக்க வேண்டும் என்றார். வாசற்படியில் உட்கார்ந்து ரீலைத் தொடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மாரிக்கண்ணன் நூல்முனையைக் கையில் சுற்றிக்கொண்டு, வெயிலில், தெருக்குழாய்வரை பின்பக்கமாகவே நடந்தான். குடத்தோடு வந்த சங்கரம்மாள் நூலுக்கு அடியில் குனிந்து போனாள்.

“லீவு நாள்ல பட்டம் விடுறியாக்கும்” என்றாள்.

நூல் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு விக்கல் இல்லை. அங்கிருந்தே கையைக் காட்டினான். கருத்தப்பாண்டி தலையை ஆட்டினார். இறுக்கமாம்.

திருகைத் தளர்த்திவிட்டுத் திரும்பவும் நடந்தான். இப்போது தொளதொளவென்று இருக்கிறதாம்.

வெடுக்கென்று இழுக்கச் சொன்னார். ஓடிக்கொண்டே இழுக்கச் சொன்னார். மாரிக்கண்ணன் ஓடவும் செய்தான். கோடிவீட்டு நாய் அவனோடு சேர்ந்து ஓடியது. சட்டை முதுகோடு ஒட்டியது.

திரும்பி வந்து நூலை அவர் மடியில் போட்டான்.

“மாமா, காலமெல்லாம் இதப் புடிச்ச கை ஒங்களுது. எப்பிடி இருந்தாலும் சமாளிச்சுருவீக. என்னைய ஏன் போட்டு அறுக்குறீக.”

அவர் ரீலைத் துண்டில் சுற்றினார். பிரித்தார். மறுபடியும் சுற்றினார்.

“எனக்கில்ல மாப்ள” என்றார்.

பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வார வெள்ளிக்கிழம கோயில்ல வச்சு ரேணுகாவுக்குக் கல்யாணம் முடிக்கிறோம். நரிக்குடிப் பக்கம். ராஜகுருன்னு பேரு, நல்ல மாதிரியாத் தெரியுது. மீனு புடிக்கணும்னு ஆசப்பட்டாரு. கை பழகல. மொதத் தடவையே அறுத்துட்டு நிக்கக் கூடாதுல்ல. வேற யார்ட்டக் குடுத்துச் சரிபண்ணன்னு எனக்குத் தெரியல.”

கோர்ட்டு அவனையும் ரேணுகாவையும் பிரித்துவைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகும் அவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டார். அவனுக்கும் மாமாவைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

சங்கரம்மாள் நிறைந்த குடத்தோடு திரும்பிப் போனாள்.

கருத்தப்பாண்டி எழுந்து வேட்டியை உதறினார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாரேன்.”

“உக்காருங்க” என்றான் மாரிக்கண்ணன். “அடுத்த பஸ்ஸுக்குப் போகலாம்.”

அவர் கையிலிருந்து ரீலை வாங்கிக்கொண்டு மேஜைக்குப் போனான். பெரிய பல்சக்கரத்துக்கு அடியில் ஒரு தோல் வாஷர் மிச்சம் இருந்தது. அதை எடுக்க அச்சோடு சேர்த்துக் கழற்ற வேண்டும். காலையில் இருந்த எரிச்சலில், யாருக்குத் தெரியப் போகிறது என்று அப்படியே விட்டிருந்தான்.

அதையும் கழற்றினான். கார்பனை அளவுக்குத் தேய்த்து, விரல்நுனியில் கிரீஸ் தொட்டுப் பூசி, உட்கார வைத்தான். கருத்தப்பாண்டி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முடித்ததும் அவனே துண்டில் சுற்றி அவரிடம் கொடுத்தான்.

“புடிச்சு முடிச்சதும் இந்தத் திருகத் தளத்தி வைக்கச் சொல்லுங்க மாமா. இறுக்குனபடியே வச்சா உள்ள ஒட்டிக்கிரும்.”

அவர் தலையாட்டினார்.

“நான் சொன்னேன்னு சொல்ல வேணாம்.”