வேன்காரரின் சர்க்கரை

“நானூத்திப் பன்னெண்டு! இவ்வளவு சர்க்கரையை ரத்தத்துல வெச்சுக்கிட்டு இத்தனை நாளா எப்படிங்க வேன் ஓட்டினீங்க?”

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார். எதிரே பள்ளிக்கூட வேன்காரர். ஆள் ஆறடி, மீசைக்கே தனியாக ஒரு நாற்காலி போட வேண்டும். அந்த மீசை இப்போது பிழிந்து போட்ட துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. வேன் ஓட்டுகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை ரத்தம் சோதித்து டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்பதில் பள்ளிக்கூடம் படு கறார். போன வாரம் லேபுக்குப் போன ரத்தம், இன்றைக்குக் குண்டைத் தூக்கிப் போட்டிருந்தது.

“இருக்காது டாக்டர்.” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்லுவாங்க. தாகம் அதிகமா எடுக்குதா?”

“இல்லீங்க.”

“ராத்திரியில அடிக்கடி யூரின் போக எந்திரிக்கிறீங்களா?”

“இல்லவே இல்லீங்க.”

“பொய்யி!” பக்கத்தில் இருந்த மனைவி பாய்ந்தாள். பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் இத்தனை நாள் சேர்த்து வைத்ததைக் கொட்ட ஒரு இடம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? “ஃபிரிட்ஜ்ல ரொப்பி வெக்கிற பாட்டில் அத்தனையும் காலையில காலி, டாக்டர். இவரு குறட்டைக்குப் பயந்து நான் பொண்ணுகூட உள் ரூம்ல படுக்கிறேன். அங்கேருந்து பார்த்தா பாத்ரூம் லைட்டு எரியுது, அணையுது, எரியுது, அணையுது. பேயா வந்து போகுது?”

வேன்காரர் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

“பார்வை எப்படி இருக்கு?” என்றார் டாக்டரம்மா.

“கண்ணு நல்லாத்தான் தெரியுது.”

“அப்ப வேனைக் கொண்டுபோய் கேட்ல தேச்சது?” என்றாள் மனைவி.

“அது... அது வந்து நான்... சரி, விடு.”

அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். வெளியே காத்திருந்தவர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு காதைத் தீட்டினார்கள். இருட்டுவதற்குள் தெருக்கோடி வரைக்கும் போய்ச் சேர வேண்டிய சங்கதியாயிற்றே!

“சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வை ஒரு நாள் மங்கும், மறுநாள் தெளிஞ்சிடும். தூக்கம் பத்தலைன்னு நினைச்சு விட்டுடுவாங்க,” என்றார் டாக்டரம்மா. “கண்ணுக்குள்ள பின்பக்கம் விழித்திரைன்னு ஒண்ணு இருக்கு. அதுல முடியைவிட மெல்லிசா ரத்தக் குழாய் ஓடுது. சர்க்கரை சத்தமில்லாம அதை அரிச்சிட்டே இருக்கும். வலிக்காது. ஒரு நாள் உள்ளேயே கசிஞ்சா, வண்டி ஓட்டிட்டிருக்கும்போதே கண்ணு முன்னாடி கறுப்பா இறங்கும்.”

“ஓட்டிட்டிருக்கும்போதேவா?”

வேன்காரரின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, மேஜைக்கு அடியில் வைத்து அழுத்தி, காதில் வைத்தார். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி அழுத்தினார்.

“கண்ணே போற விஷயம் பேசிட்டிருக்காங்க, போனை நோண்டுறீங்களே!” மனைவிக்கு அழுகை முட்டியது. “அதே வீட்டுலதானே என் தம்பியும் இருக்கான். அவனைப் பார்த்தாவது உடம்பைக் குறைச்சீங்களா? ஜிம்முக்குப் போய் ரெண்டே மாசம், பேன்ட்டு இடுப்புல நிக்க மாட்டேங்குது. தெருவே கண்ணு வெக்குது.”

“உன் தம்பி பேச்சை இப்ப எடுக்காத!”

அவர் போட்ட சத்தத்தில் வெளியே யாரோ தும்மலை விழுங்கினார்கள்.

“பயப்படாதீங்க,” என்றார் டாக்டரம்மா, இதமாக. “கண் டாக்டர்கிட்ட போய் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துடுங்க. சர்க்கரையைக் கட்டுக்குள்ள வெச்சு, வருஷா வருஷம் கண்ணைக் காட்டினா பார்வையைக் காப்பாத்திடலாம். முதல்ல விரலைக் கொடுங்க, இந்த நிமிஷம் எவ்வளவு இருக்குன்னு பார்ப்போம்.”

ஊசியைக் கண்டதும் ஆறடி ஆளின் கை முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. மனைவி அதை இழுத்துவந்து மேஜைமேல் அழுத்திப் பிடித்தாள். வேன்காரர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

கருவி கூவியது. டாக்டரம்மா அதைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு விரலிலும் குத்தினார். புருவம் மேலே போனது.

“நூத்திப் பத்து. சாப்பிட்டு வந்த ஆளுக்கு இது சாதாரணம். உங்களுக்கு சர்க்கரை இருக்கிற மாதிரியே தெரியலையே! லேப்லதான் ரத்தம் மாறிப் போயிருக்கு.”

மனைவி ‘ஓ’வென்று அழுது, அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள். திரைக்கு வெளியே ஒரு பெருமூச்சு கேட்டது. ஏமாற்றமாகத்தான் இருக்க வேண்டும்.

வேன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. எடுக்கப்படாத போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு எழுந்தார். கால் தரிக்கவில்லை.

“மாறினது லேப்ல இல்ல டாக்டர். ஊசின்னா எனக்கு உசுரு போயிடும். அன்னைக்கு என் பேரைச் சொல்லிக் கையை நீட்டினது இவ தம்பி.” மனைவியின் பக்கம் திரும்பாமலே மீதியையும் சொன்னார்: “இப்ப எனக்குப் பதிலா பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு வேனை ஓட்டிட்டிருக்கிறதும் அவன்தான்.”