பத்துக்கு முட்டை

"கைக்கு ஏத்த துப்பாக்கி கேக்காத பொண்ணே. துப்பாக்கிக்கு ஏத்த கையைக் கொண்டு வா!"

மூத்த போலீஸ்காரர் டுவேன் சொல்லிவிட்டு, மென்றுகொண்டிருந்த சூரியகாந்தி விதையின் தோலைத் துப்பினார். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கெல்சிக்குக் காது மடல் வரை சூடேறியது.

அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன மாவட்டத்துக்கு ஷெரிஃப்பையும் சேர்த்து மொத்தமே ஆறு போலீஸ். அதில் ஒரே பெண் கெல்சி. ஜனவரிப் பனிப்புயலில் காருக்குள் மாட்டிக்கொண்ட குடும்பத்தைத் தனியாளாக மீட்டு வந்தவள்தான். ஆனால் துப்பாக்கித் தேர்வில் மட்டும் இரண்டு தடவை ஃபெயில்.

அவர்களிடம் இருந்தது நாற்பத்தைந்து ரகக் கிளாக் கைத்துப்பாக்கி. கையுறையைக்கூடச் சிறுவர் அளவில் வாங்குகிறவளுக்கு அந்தப் பிடி ரொம்பப் பருமன். வெள்ளிக்கிழமை மூன்றாவது தேர்வு. அதிலும் கோட்டை விட்டால் வேலை போச்சு.

நல்லவேளையாகப் பழைய துப்பாக்கிகளை மாற்றும் நேரம் வந்தது. மறுபடியும் கிளாக்கா, இல்லை ஸ்மித் அண்ட் வெஸ்ஸனா? சுட்டுப் பார்ப்பதற்காக வந்திருந்த ஸ்மித்தில் சின்னப் பிடி மாட்டியிருந்தது. நேற்று அதில் கெல்சி பத்துக்கு ஒன்பது சுட்டாள்.

"அப்ப எனக்கு மட்டும் ஸ்மித் குடுத்துடுங்களேன்," என்று ஷெரிஃப் நோவாக்கிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"ஆளுக்கொண்ணு சரிப்படாதும்மா. அவசரத்துல ஒருத்தர்கிட்ட இருக்கற தோட்டாவை இன்னொருத்தர் வாங்கிப் போடணும். எல்லாருக்கும் ஒரே துப்பாக்கிதான்."

எது என்பதில்தான் ஒரு வாரமாக வாய்ச்சண்டை. ஷெரிஃப்புக்கு அலுத்துவிட்டது. காலையிலேயே எல்லாரையும் சுட்டுப் பழகும் மணல் பள்ளத்துக்குக் கூட்டி வந்துவிட்டார்.

"போதும்டா சாமி உங்க பஞ்சாயத்து! டுவேன் ரெண்டுலயும் பத்துப் பத்து சுடட்டும். எதுல கூட விழுதோ அதுதான். ஒண்ணு ரெண்டுதான் வித்தியாசம்னா பழையபடி கிளாக். மத்தியானம் ஆர்டர் போயிடும்."

கெல்சி டுவேனைத் திரும்பிப் பார்த்தாள். டுவேன் இருபது வருஷக் கிளாக் பக்தர். பன்னிரண்டு வருஷமாக மாநிலத் துப்பாக்கிப் போட்டிக்கு மாவட்டத்தின் சார்பில் போகிறவர். அவர் கையிலா தன் வேலை? அதற்குப் பேட்ஜை இப்போதே கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"டுவேன், நியாயமா சுடுவீங்கதானே?" கேட்டே விட்டாள்.

"சுடறதுக்கு எனக்கு நீ பாடம் எடுக்கறியா? தள்ளி நில்லு."

முதலில் ஸ்மித். பத்து வெடி வெடித்து அடங்கியதும் ஷெரிஃப் பைனாகுலரில் பார்த்தார்.

"எட்டு!"

"பிடிக்காத துப்பாக்கியிலயே எட்டா! அப்ப கிளாக்ல பத்துதான் பெரிசு," என்று கர்ட் விசிலடித்தான். அவன் சுடுவதில் டுவேனுக்கு அடுத்த இடத்தில் இருப்பவன், அவனும் கிளாக் கட்சி.

புதுத் தாள் மாட்டினார்கள். டுவேன் கிளாக்கை எடுத்தார். மெல்லுவதை நிறுத்தினார். திரும்பி ஒரு நொடி கெல்சியின் கைகளைப் பார்த்தார். நக்கல் பார்வை என்றுதான் அவளுக்குப் பட்டது. கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

பத்து வெடி. நிதானமாக, ஒரே சீராக.

ஷெரிஃப் பைனாகுலரில் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"டுவேன்... வட்டத்துல ஒண்ணுகூட இல்லப்பா. மேல் மூலையில ஒரே ஒரு ஓட்டை தெரியுது. மிச்சமெல்லாம் தாளையே தொடலை, பின்னால இருக்கற மண்மேட்டுக்குப் போயிருக்கு."

"பத்துக்கு முட்டையா!" கர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கண்ணாடி போடணும் போலிருக்கே பெரிசு!"

"வயசாகுதுல்ல," என்றார் டுவேன்.

ஷெரிஃப் பைனாகுலரை இறக்கினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சரி, ஸ்மித்துதான். வெள்ளிக்கிழமைத் தேர்வும் இதுலயேதான். முடிஞ்சு போச்சு. அப்புறம்... மாநிலப் போட்டிக்கு இந்தத் தடவை கர்ட் போகட்டும். தப்பா எடுத்துக்காத."

"போகட்டும்."

கெல்சிக்குத் தலைகால் புரியவில்லை. வேலை பிழைத்தது! சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா? வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கொடுத்தாள்.

"துப்பாக்கிக்கு ஏத்த கண்ணைக் கொண்டு வாங்க, டுவேன்!"

இந்தத் தடவை சிரிப்பு டுவேனைப் பார்த்து. அவரும் லேசாகச் சிரித்துக்கொண்டே கிளாக்கை உறையில் போட்டார்.

"போய் அந்தத் தாளைக் கழட்டிக் கிழிச்சுப் போடு பொண்ணே. பாத்துக்கிட்டு நிக்காத."

அவமானம் பிடுங்குகிறது மனுஷனுக்கு. வேண்டும், நன்றாக வேண்டும் என்று நினைத்தபடி நடந்தாள்.

தாளைக் கழற்றினாள். கிழிக்கப் போன கை அப்படியே நின்றது.

மூலையில் இருந்த ஓட்டை ஒரு குண்டு போட்டது மாதிரி இல்லை. கொஞ்சம் பெரிதாக, ஓரமெல்லாம் பிறை பிறையாகப் பிய்ந்திருந்தது. பையிலிருந்து ஒரு கால் டாலர் காசை எடுத்து அதன் மேல் வைத்தாள். கிட்டத்தட்ட மூடிக்கொண்டது.

திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் டுவேன் விதையை மென்றுகொண்டு, கர்ட்டின் கேலிக்குத் தலையைக் குனிந்து நின்றிருந்தார்.

ஒரு குண்டுகூட மண்மேட்டுக்குத் தப்பிப் போகவில்லை. பத்தும் அந்த ஒரே ஓட்டை வழியாகத்தான் போயிருந்தன.