மூன்றாம் மாடிக் கூட்டம்

"மேல எத்தனை பேர் இருக்காங்கக்கா?" கட்டடத்தை இடிக்கும் உத்தரவோடு வந்த அதிகாரி கேட்டார்.

"காது கேக்குதுல்ல? எல்லாருந்தான்!" வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் தையல்காரி.

மூன்றாம் மாடியில் ராப் பாட்டு அதிர்ந்தது. 'நாங்க கட்டின சுவரு, இடிக்க நீ யாரு?' ஒரு கூட்டமே தொண்டை கிழியக் கத்தியது. நடுவே யாரோ இருமினார்.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "போன வாரமும் இதே வரியிலதான் இருமினாரு. பரவால்லக்கா, ஆளுங்க இருக்காங்கன்னே எழுதிக்கறேன்."

அவள் படியேறினாள். எல்லோரும் காலி செய்துவிட்டுப் போன தளத்தில், முன்பு அவர்கள் சேர்ந்து பாடிப் பதிவு செய்த பாட்டை ஸ்பீக்கர் மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. அதைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அந்த இருமலுக்காகக் காத்திருந்தாள்.

இறந்துபோன கணவர் அவளுக்கென்று விட்டுப்போன ஒரே சத்தம் அது.