மடிக்கப்பட்ட பதிவு

பழைய பஸ் ஸ்டாண்டு வாசலில், வெயிலில் நின்றபடியே அவள் அப்பாவின் படத்தைப் பதிவேற்றினாள்.

"என் அப்பா சூசைமாணிக்கம். வயது எழுபத்தெட்டு. மறதி நோய் உண்டு. இன்று காலை பதினொரு மணியிலிருந்து தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டில் காணவில்லை. பார்த்தவர்கள் உடனே கூப்பிடுங்கள். ஜெசிந்தா."

கீழே தன் போன் நம்பர்.

அவள் தண்ணீர் பாட்டில் வாங்கத் திரும்பிய நேரம்தான் அவர் நகர்ந்துவிட்டார். போலீஸில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மணி இப்போது பன்னிரண்டே கால்.

பதிவேற்றிய இடத்தின் பெயர் கூடம். பெரிய கம்பெனிகளின் வலைத்தளங்களைக் காறித் துப்பிவிட்டு வந்த அறுநூறு பேர் அங்கே இருந்தார்கள். பாதிப்பேர் தென்மாவட்டத்துக்காரர்கள். எல்லோரும் புனைபெயரில். பெங்களூரில் வேலை பார்க்கும் இளம்பரிதி என்பவர் தன் சொந்த சர்வரில் அதை நடத்தினார். முதலாளி கிடையாது. விளம்பரம் கிடையாது. உறுப்பினர் வைத்ததே சட்டம்.

ஜெசிந்தா அங்கே நிர்வாகிகளில் ஒருத்தி. பொத்தான்களுக்குத் தமிழில் பெயர் வைத்தவள். விதிகளை எழுதியவளும் அவளே.

ஒரு நிமிடத்தில் முதல் பதில் வந்தது.

அவசரமாகத் திறந்தாள்.

"படத்துக்கு விவரணை இல்லை. பார்வையற்ற தோழர்களை மதிப்போம்."

இரண்டாவது பதில்.

"நோயாளியின் முகத்தை வெளியிட அவரிடம் சம்மதம் வாங்கினீர்களா?"

மூன்றாவது.

"மறதி நோய் என்று போட்டிருக்கிறீர்கள். எச்சரிக்கைக் குறிப்பு வைத்திருக்கலாம். என் தாத்தாவின் ஞாபகம் வந்து மதியச் சாப்பாடே இறங்கவில்லை."

யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை.

அவள் ஒரு கடையின் நிழலுக்குப் போய், படத்தில் இருப்பதைச் சொல்லும் விவரணையை எழுதத் தொடங்கினாள். நீலக் கட்டம் போட்ட சட்டை என்று அடித்தாள். அதற்குள் திரையிலிருந்து பதிவே போய்விட்டது.

அந்த வாரம்தான் புதிய வசதி வந்திருந்தது. விதிக்குப் பொருந்தாத பதிவைப் பத்துப் பேர் சேர்ந்தால் மடித்துவிடலாம். அதன் பிறகு யார் கண்ணிலும் படாது. மக்களாட்சி என்று அதைக் கொண்டாடி மூன்று நாட்கள் எழுதினார்கள். அவளும் ஒரு பூப்படம் போட்டிருந்தாள்.

மடித்ததைத் திரும்ப விரிக்க இளம்பரிதியால் மட்டுமே முடியும். அவரைக் கூப்பிட்டாள்.

"கஷ்டமாதான் இருக்குக்கா," என்றார் அவர். "ஆனா நான் தனியா முடிவெடுத்தா, எனக்கும் அந்தக் கம்பெனிக்காரனுக்கும் என்ன வித்தியாசம்? நாளைக்கு எல்லாரையும் வச்சுப் பேசுவோம்."

"நாளைக்கா?"

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்லக்கா."

அவள் போனை வைத்தாள். உடனே அது அடித்தது. தெரியாத எண்.

"அக்கா, ஜெரோம் பேசுறேன். திருநெல்வேலில இருந்து. கூடத்துல நானும் இருக்கேன். எனக்குக் கண்ணு தெரியாது. மடிக்கிறதுக்கு முன்னாடி உங்க நம்பரைக் குறிச்சுக்கிட்டேன். அப்பா எப்படி இருப்பாங்கன்னு உங்க வாயால சொல்லுங்க. ரெக்கார்டு பண்ணி அங்க இருக்கிற என் ஆளுங்களுக்கு அனுப்புறேன்."

அவள் சொன்னாள். நீலக் கட்டம் போட்ட சட்டை, வெள்ளை வேட்டி. இடது காதுக்குக் கீழே மரு. நடந்தால் வலது தோள் இறங்கும். மூணு நாள் தாடி. பேர் கேட்டா சிரிப்பாங்க.

அந்தக் கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உடைந்தது.

"அழாதீங்கக்கா. அந்தச் சிரிப்ப வச்சே கண்டுபிடிச்சிருவாங்க," என்றார் ஜெரோம்.

நாற்பது நிமிடத்தில் திரேஸ்புரத்திலிருந்து ஒரு சலூன்காரர் கூப்பிட்டார்.

"ஆளு இங்கதான் இருக்காரும்மா. பேரு கேட்டேன், சிரிச்சாரு. யாரோ பெரிய மனுஷன்னு உக்கார வச்சுச் சவரம் பண்ணிட்டிருக்கேன். அப்பதான் கடையில ஒருத்தர் போன்ல உங்க குரல் ஓடிச்சு. மெதுவா வாங்க. இன்னும் ஒரு கன்னம் பாக்கி."

ஆட்டோவில் வீடு திரும்பும்போது அப்பா அவள் தோளில் சாய்ந்து தூங்கினார். பவுடர் வாசனை அடித்தது.

மாலையில் அவருக்கு இடியாப்பம் பிய்த்துக் கொடுத்துக்கொண்டே கூடத்தைத் திறந்தாள்.

மடித்தது சரியா தவறா என்று ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பதில்கள். ஒருவர் மேற்கோள்களுடன் கட்டுரையே எழுதியிருந்தார். இன்னொருவர், இந்த உரையாடலின் முதிர்ச்சி தன்னை நெகிழ வைத்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். அதற்கு ஐம்பது இதயங்கள்.

கடைசிப் பதில் வரை படித்தாள்.

காணாமல் போனவர் கிடைத்தாரா என்று அதில் ஒரு வரி இல்லை.

குரலைப் பதிந்து அனுப்பியது நான்தான் என்றும் யாரும் சொல்லவில்லை. ஜெரோம் பேச வரவேயில்லை.

நிர்வாகிகளுக்கு மட்டும் ஒரு பக்கம் உண்டு. அங்கே புனைபெயருக்குப் பின்னால் இருக்கும் பெயரும் தெரியும். அதுவரை அவள் அதைத் திறந்ததில்லை. இப்போது திறந்தாள். மடிக்கச் சொன்ன பத்துப் பேர்.

எட்டாவது பெயர் ஜூடித்.

ஜெசிந்தா பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர். போன கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்து, அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டிய கதையை இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தவள். போகும்போது அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டவள்.

பதிவில் படம் இருந்தது. பெயர் இருந்தது. நம்பர் இருந்தது.

ஜெசிந்தா அவளைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னடி, லீவு நாள்ல கூப்பிடுற?" ஜூடித்தின் குரலில் உற்சாகம். "அப்பா எப்படி இருக்காங்க?"

ஜெசிந்தா போனை அப்பாவின் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்கப்பா."