நாற்பத்தேழாம் நம்பர்

"சார், நாப்பத்தேழோட அப்பன் வந்திருக்கறாருங்க" என்றார் வார்டர் ஜபருல்லா.

சூப்பரின்டெண்ட் பாலகோபால் பேனாவை மூடி வைத்தார். "எந்த நாப்பத்தேழு?"

"நோட்டுல இருக்கற நாப்பத்தேழுங்க. ஓடிப்போனானே காளிச்சாமி, அவனோட அப்பன்."

"மெதுவாப் பேசும்."

பக்கத்து அறையில் மதராஸிலிருந்து வந்த அதிகாரி மோர் குடித்துக்கொண்டிருந்தார். விடுதலையாகும் பையனை அவர் முன்னிலையில்தான் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

கிணத்துக்கடவுப் பக்கம் தேங்காய் திருடி, மூன்று வருடத் தண்டனையில் அந்தச் சீர்திருத்தப் பள்ளிக்கு வந்தவன் காளிச்சாமி. பத்தாவது மாதம் சுவர் ஏறிப் போய்விட்டான். அவனுக்கு முன்பே இரண்டு பேர் ஓடியிருந்தார்கள். இன்னொருவன் ஓடினால் உமக்கு வேலை இல்லை என்று பாலகோபாலுக்கு மேலிடம் எழுதியிருந்தது. அதனால் அவர் மேலிடத்துக்கு எதையும் எழுதவில்லை.

மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தில் படுத்துக்கிடந்த திருமூர்த்தி என்ற அநாதைப் பையனை ஜபருல்லா கூட்டி வந்தார். பையனுக்குச் சோறு வேண்டியிருந்தது. பள்ளிக்கு ஒரு தலை வேண்டியிருந்தது. அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சட்டையில் தைத்த நம்பர்தான். காலையிலும் மாலையிலும் தலைகளை எண்ணுவார்கள். இரண்டு வருடமாக ஒரு தலையும் குறையவில்லை. தச்சு வேலையில் கெட்டிக்காரன் என்று காளிச்சாமியின் பெயரில் திருமூர்த்தி ஒரு பரிசுகூட வாங்கியிருந்தான்.

பாலகோபால் வெளியே வந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காளிச்சாமியின் அப்பா அப்புசாமி நின்றிருந்தார்.

"கும்புடறனுங்க."

"மொத வருஷம் தீபாவளிக்கு முறுக்கு கொண்டாந்தீரு. அதோட சரி. ரெண்டு வருஷமா ஒரு தடவைகூட எட்டிப் பாக்கலையே?"

"தோட்டத்துல வேலை உடலீங்க."

"பெத்த பையனைவிட வேலையா? அவன் எப்படி வளந்துட்டான் தெரியுமா? உமக்கே அடையாளம் தெரியாது."

"அப்படீங்களா."

"முகமே மாறிப்போச்சு. இந்த வயசுல அப்படித்தான்."

"சரீங்க."

அதிகாரி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜபருல்லா பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"முப்பத்திமூணாம் வருஷம் சேர்ந்த காளிச்சாமி. இவன்தானே உம்ம மகன்?" என்றார் அதிகாரி.

அப்புசாமி பையனின் முகத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார். தச்சுப் பட்டறையில் ரம்பம் போட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. பாலகோபாலுக்கு மனைவியும், மூன்று குழந்தைகளும், வாடகையில்லாத வீடும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சாமான்களை ஏற்ற எத்தனை வண்டி வேண்டும் என்று யோசித்தார். இரண்டு போதும் என்று தோன்றியது.

"ஆமாங்க சாமி. என்ற பையந்தானுங்க" என்றார் அப்புசாமி.

பாலகோபால் மூச்சு விடுவதற்குள் அதிகாரி பக்கத்தைத் திருப்பினார். "வலது புருவத்துல வெட்டுத் தழும்புன்னு எழுதியிருக்கே. காணோமே?"

அந்தப் பக்கத்தைப் பாலகோபால் மறந்தே போயிருந்தார். ஜபருல்லா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சின்னதுல பட்ட காயமுங்க. மறைஞ்சுபோச்சுங்க" என்றார் அப்புசாமி.

"கறுப்பு நிறம்னு போட்டிருக்கு. இவன் சிவப்பா இருக்கானே?"

"அப்ப தோட்டத்து வெயில்ல கெடந்தானுங்க. இங்க நெழல்ல வெச்சு நல்லாப் பாத்துக்கிட்டாங்க."

அதிகாரிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பையன்களின் உடல்நலம் சிறப்பாகப் பேணப்படுகிறது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே அப்புசாமி கைநாட்டு வைத்தார்.

இந்த ஆளுக்குக் கண் தெரியவில்லையா, புத்தி சரியில்லையா என்று பாலகோபாலுக்குப் புரியவில்லை. எதுவானாலும் நல்லதுதான். இதுவரை யாருக்கும் செய்யாத மரியாதையாக வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

கால் மைல் தூரம் இருவரும் நடந்தார்கள். புளியமர நிழலில் பையன் நின்றுவிட்டான்.

"ஏனுங்க, நான் உங்க பையன் இல்லீங்க."

"தெரியுங் கண்ணு. பேரென்ன?"

"திருமூர்த்திங்க. தெரிஞ்சா அங்கயே சொல்லியிருக்கலாமுங்களே?"

"சொல்லிப்போட்டா, காளிச்சாமி எங்கேன்னு தேடுவாங்கல்ல."

"தேடட்டுமுங்க. கெடைச்சா உங்களுக்கு நல்லதுதானுங்களே?"

அப்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சற்றுத் தூரம் நடந்தார். பையனும் பின்னால் வந்தான்.

"மூணு நாளைக்கு முன்னால இவங்ககிட்டயிருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. உன்ற மகன் இங்க சொகமா இருக்கறான், விடுதலை ஆயிப்போச்சு, வந்து கூட்டிக்கிட்டுப் போன்னு எழுதியிருந்துச்சு" என்றார் அவர். "எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. ரெண்டு வருசமா போலீசுக்குப் பயந்து எங்கூட்டு அட்டாலிப் பரண்மேல ஒளிஞ்சு கெடக்கறானே காளிச்சாமி, அவன்தான் படிச்சுச் சொன்னான்."