இரண்டாவது டேக்

அவள் கத்தி முடித்தாள்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் எழிலன் கட்டைவிரலை உயர்த்தினான். "சூப்பர்க்கா. ஓகே."

ஓகே என்றால் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். வெளியே வரவேற்பறையில் அவள் கணவன் ஜெயசீலன் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் கழற்றவில்லை.

போனில் கேட்கிற ஒலிநாடகம் அது. திரை கிடையாது, வாயசைப்பு கிடையாது. வெள்ளம் சூழ்ந்த ஒரு வீட்டு மாடியில் ஒருத்திக்குப் பிள்ளை பிறக்கிறது. கேட்பவர்களுக்கு எல்லாமே குரல்தான்.

பிரசவக் காட்சி என்றால் சாலிகிராமத்து டப்பிங் தியேட்டர்களில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கூட்டத்தில் ஒருத்தியாகக் குரல் கொடுக்க வந்தவள். சந்தைக் கூச்சல், கல்யாண வீட்டுச் சிரிப்பு. ஒருநாள் வரவேண்டிய பெண் வரவில்லை. "நீ கத்துவியாம்மா?" என்றார்கள்.

கத்தினாள். அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

படங்களில் கேட்டதை வைத்துத்தான் கத்தினாள். அந்தப் படங்களில் கத்தியவர்களும் வேறு படங்களைக் கேட்டிருப்பார்கள்.

அது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அதன்பிறகு எத்தனை கதாநாயகிகளுக்குப் பிள்ளை பெற்றுக் கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பிறகு அவளுக்கே வலி வந்தது.

சத்தம் வரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி அம்மாவைக் கூப்பிட்டாள். இன்னொருத்தி புருஷனைத் திட்டித் தீர்த்தாள். இவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். "வாயைத் தெறந்து கத்தும்மா, என்ன வெக்கம்?" என்றார் நர்ஸ்.

அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வெட்கமெல்லாம் இல்லை. கத்த மூச்சு மிச்சமில்லை. இருந்த மூச்செல்லாம் கீழே போய்க்கொண்டிருந்தது. தொண்டையில் ஒரு முனகல் மட்டும். கனமான பீரோவை யாரோ தரையில் மெல்ல நகர்த்துகிற மாதிரி.

கடைசியில் ஒரு சின்ன "ஆ."

நெரிசலான பஸ்ஸில் வெகுநேரம் நின்று வந்தவள், உட்கார இடம் கிடைத்ததும் விடுகிற மூச்சு.

அவ்வளவுதான். கத்துகிற வேலையை மகள் எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் இருந்த மாதங்களில் வேறொரு பெண் அவளுடைய காட்சிகளுக்கெல்லாம் கத்தினாள். நன்றாகவே கத்தினாள் என்று கேள்வி. இன்றைக்கு எழிலன் இவளைக் கூப்பிட்டதே பெரிசு. பழைய கத்தலைக் கொடுத்தாயிற்று, அதுவும் ஓகே ஆயிற்று. நல்ல பெயரோடு கிளம்புவதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் கத்தி முடித்த அந்த நொடியில் மகளின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

மகள் இப்படிப் பிறக்கவில்லையே.

"தம்பி, இன்னொண்ணு தரேன். பிடிக்கலைன்னா தூக்கிப் போட்டுடுங்க."

எழிலன் கடிகாரத்தைப் பார்த்தான். அடுத்த ஆள் வந்து வெளியே காத்திருந்தார்.

"கேக்கறவங்களுக்குக் கொழந்தை பொறக்குதுன்னு தெரியணும்க்கா."

"தெரியும்."

அவன் அரைமனதாகத் தலையாட்டினான். அவள் மைக்கை நெருங்கி நின்றாள். சவுண்ட் இன்ஜினியர் ஆரோக்கியம் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் லெவலைக் கொஞ்சம் ஏற்றினார்.

முன்னால் வசனத் தாள் வைக்கிற ஸ்டாண்ட் இருந்தது. அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

மூச்சு.

மூச்சு.

நடுவில் ஒன்றுமே இல்லாத ஓர் இடம். அங்கே பயந்தால் கெட்டது. பயப்படாமல் நின்றாள்.

அப்புறம் அந்த முனகல். எங்கே போயிருந்ததோ, கூப்பிட்டதும் வந்தது.

மறுபடி மூச்சு. உடைந்தது. சேர்ந்தது. கீழே போனது.

"ஆ."

கண்ணைத் திறந்தபோது ஹெட்போனில் சத்தமே இல்லை. ஓகேயும் இல்லை, ஒன்மோரும் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழிலனின் நாற்காலி காலியாக இருந்தது.

அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டான் போலிருக்கிறது. போகட்டும், முதல் டேக் இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்வார்கள். நன்றாகத்தான் இருக்கும்.

இருந்தாலும் மனசு லேசாகியிருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையையாவது ஒழுங்காகப் பெற்றாயிற்று.

தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

ஆரோக்கியம் அண்ணன் அவளிடம் ஏதோ சொல்வதற்காக மைக் பட்டனை அழுத்தினார். அப்படியே பின்னால் திரும்பிப் பார்த்தார். பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. அவருக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி ஒருவன் நிற்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. எழிலன்தான். காதில் போன்.

அவன் குரல் ஹெட்போனுக்குள் மெல்லியதாக வந்தது.

"அம்மா... ஒண்ணுமில்லம்மா... இல்ல, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சும்மாதான் கூப்பிட்டேன்."